பழுது துப்பாக்கியில் இல்லை

வெர்னா டாக்கெட் வாங்கிய கைத்துப்பாக்கி மூன்றாவது குண்டிலேயே மக்கர் பண்ணியது. பெல்லோஸ் க்ரீக் ஊரில் இது சின்ன விஷயமல்ல. உடனே விசாரணை வைத்தார்கள். குற்றவாளி வெர்னாதான் என்று விசாரணையில் தெரியவந்தது.

வெர்னா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்ப்பவள். வயது ஐம்பத்தெட்டு, புருஷன் காலமாகிவிட்டார். துப்பாக்கி மேல் அவளுக்கு ஆசையும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. அமெரிக்காவில், மிசூரியின் மலைப்பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது வீட்டு மூலையில் கிடக்கிற ஒரு சாமான். அவள் வீட்டில் கிடந்த இரண்டையும் புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவு தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

போன வசந்தத்தில் மகள் ரேலின் உடைந்த தாடையோடும் இடுப்பில் பிள்ளையோடும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தாடையை உடைத்தவன் ரேலினின் புருஷன் டேல் ஹோக். அவனைச் சிறையில் போட்டார்கள். போகிறபோது கோர்ட்டு வராந்தாவில் நின்று, "வெளிய வந்ததும் மொத வேலை உங்க வீட்டுக்கு வர்றதுதான்" என்று மாமியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை அவனை விடப் போகிறார்கள் என்று ஷெரீப் ஆபீசிலிருந்து போன் வந்தது.

"கதவைப் பூட்டிக்குங்கம்மா. அவன் வந்தா போன் பண்ணுங்க, வந்துருவோம்" என்றான் போனில் பேசிய போலீஸ்காரன்.

"எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"உங்க மேட்டுக்கு வர்றதுன்னா முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்கதான் ஏதாவது பாத்துக்கணும்."

ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்த ஊரில் ஒரே இடம்தான் உண்டு. பெல்லோஸ் க்ரீக் கைத்துப்பாக்கிச் சங்கம். ஊரில் நான்கு தேவாலயம் இருக்கிறது, நான்குக்கும் போகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை காலை எல்லோரும் சங்கத்து மண்டபத்தில் ஒன்றாக நின்று காப்பி குடிப்பார்கள். அங்கேதான் பழைய துப்பாக்கிகளை மேசை போட்டு விற்பார்கள். சங்கத்துக்கு நம்பகக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பழைய துப்பாக்கியைக் குழு பார்த்து, நம்பலாம் என்று முடிவு செய்தால் அதில் ஒரு நீலக் குஞ்சம் கட்டும். குழு உண்டான நாளிலிருந்து குஞ்சம் கட்டாமல் விட்ட துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. இதைச் சங்கத்துக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

குழுவின் தலைவர் கேப்டன் ஹார்லன் ப்ரூவிட். எந்தப் படைக்குக் கேப்டன் என்று யாரும் கேட்டதில்லை. இளவயதில் பந்து உருட்டும் கோஷ்டி ஒன்றுக்குக் கேப்டனாக இருந்ததாகக் கேள்வி. பரிசோதகர் சைஸ்மோர், வார நாளில் புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்ப்பவர். விற்பவரும் அவரே, பரிசோதிப்பவரும் அவரே. ஒரே ஆள் இரண்டையும் செய்வதால் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

"பாருங்க தாயி" என்று சைஸ்மோர் ஒரு சின்னக் கறுப்புத் துப்பாக்கியை எடுத்து, அந்தச் சனிக்கிழமை மேசைக்கு வந்த வெர்னாவின் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. "கைப்பையில போடலாம், சமையக்கட்டு ஏப்ரனுக்குள்ள வைக்கலாம். சர்ச்சுக்குக் கொண்டுபோனா பாதிரியாருக்கே தெரியாது."

"இது சுடுமா?" என்று வெர்னா கேட்டாள்.

சைஸ்மோர் முகம் சுண்டிப்போனது. "நீலக் குஞ்சம் கட்டியிருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. சுடுமான்னு கேட்டேன்."

"குஞ்சம் கட்டியிருந்தா குழு பாத்திருக்குன்னு அர்த்தம். குழு பாத்திருந்தா நம்பலாம்னு அர்த்தம். நம்பலாம்னா, சுடுமான்னு கேக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

இருந்தாலும் வாடிக்கைக்காரியின் திருப்திக்காகச் சடங்குகளை ஒன்றுவிடாமல் செய்து காட்டினார். துப்பாக்கியின் மேல்பகுதியை அவள் காதருகே வைத்துப் பின்னால் இழுத்துவிட்டு, கண்ணை மூடி ரசித்தார்.

"கேட்டீங்களா?"

"என்னமோ கரகரங்குதே."

"அதுக்குப் பேருதான் அனுபவம். புதுத் துப்பாக்கியில காசு கொட்டிக் குடுத்தாலும் இந்தக் கரகரப்பு வராது." பிறகு டார்ச் விளக்கைக் குழலுக்குள் அடித்தார். "உள்ள பாருங்க, கண்ணாடி."

"செவப்பா ஏதோ தெரியுது."

"அது டார்ச்சோட நெறம்."

"இதுக்கு முந்தி யாரு வச்சிருந்தது?"

"ஒரு பெரியவர். ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்து ரெண்டே ரெண்டு குண்டு சுடுவார். அதோட துடைச்சு, துணியில சுத்தி உள்ள வச்சிருவார். பூப் போல வச்சிருந்த சாமான் இது."

அடுத்த மேசையிலும் ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குண்டு சுட்டதாக யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"வாங்கினப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் சுட்டுக்குங்க" என்றார் சைஸ்மோர் தாராளமாக.

கோடைக்காலம் முழுக்க வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கினாள். சைஸ்மோர் அதை அழகாக அவள் தலையில் கட்டிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் மலைச்சரிவை ஒட்டியிருந்த சுடுகளத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதுக்கு, காலியான குண்டின் கூடு வெளியே விழாமல் நடுவிலே சிக்கிக்கொண்டு செங்குத்தாக நின்றது. சைஸ்மோர் அதைத் தட்டி எறிந்துவிட்டு, "இப்ப சுடுங்க" என்றார். கிளிக் என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள், இன்னொரு கிளிக்.

சைஸ்மோர் துப்பாக்கியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெர்னாவின் கையைப் பிடித்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"நெனச்சேன். மணிக்கட்டு தளர்ச்சி" என்றார்.

"என்னது?"

"குண்டு வெடிக்கறப்ப துப்பாக்கி பின்னால ஒதைக்கும் தாயி. புடிச்ச கை கெட்டியா நின்னாத்தான் அது தன் வேலையச் செய்யும். உங்க மணிக்கட்டு விட்டுக்குடுக்குது. துப்பாக்கிக்கு மனசு விட்டுப்போகுது."

"தெனமும் முந்நூறு பிள்ளைங்களுக்கு இந்தக் கையாலதான் மாவு பிசையறேன்."

"பிசையற கை வேற, சுடற கை வேற."

"சரி, கூடு சிக்கினது என் கையால. கிளிக்குன்னு வெடிக்காமப் போச்சே, அதுவும் என் கையாலயா?"

"ஒரு தடவ உங்க மணிக்கட்டு தளந்ததைப் பாத்துருச்சில்ல? அதுக்கப்புறம் துப்பாக்கி நம்பாது."

"யாரை?"

"உங்களைத்தான்."

நம்பத்தக்கதா என்று ஒரு துப்பாக்கியைப் பார்க்க வந்தவள், அந்தத் துப்பாக்கியே தன்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு நின்றாள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அதற்கும் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. பழுதான துப்பாக்கியை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். நீலக் குஞ்சம் கட்டிய துப்பாக்கி பழுதாவதில்லை. ஆகவே திருப்பிக் கொடுப்பதற்கு இதுவரை யாருக்கும் காரணம் கிடைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை போனாள். குண்டு மட்டமான குண்டு என்றார்கள். விலை உயர்ந்த குண்டு வாங்கிப் போனாள். இவ்வளவு வீரியமான குண்டை இந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும் என்று துப்பாக்கிக்காகப் பரிதாபப்பட்டார்கள். எண்ணெய் போடவில்லை என்றார் ஒருவர். போட்டேன் என்றாள். அதுதான் தப்பு, எண்ணெய் போட்டுவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். துப்பாக்கியைக் கைப்பையில் வைத்திருந்தாயா, அதில் சீப்பு இருந்ததா, சீப்பில் முடி இருந்ததா என்று ஒரு கிழவர் குறுக்குக் கேள்வி போட்டார். குறைந்தது ஐந்நூறு குண்டு சுட்டுப் பழக்கினால்தான் எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியும் என்று கடைசியில் சைஸ்மோர் தீர்ப்புச் சொன்னார்.

"பழக்கறதுக்கு இது என்ன புதுசா? பழசுதானே?" என்றாள் வெர்னா.

"முன்னால இருந்தவங்க கைக்குத்தான் பழசு. உங்க கைக்கு இது புதுப்பொண்ணு."

காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த ஒருவன், "வீட்டுக்காரர் போனதுலேர்ந்து கை தளந்துபோச்சு போலருக்கு" என்று சொல்ல, மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"அவரு இருந்தவரைக்கும் கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன். இல்லைன்னா உங்களோட சேந்து இங்கதான் நின்னுக்கிட்டு இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு வெர்னா வெளியே வந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்துக்காக அழவில்லை. வெள்ளிக்கிழமை வரப்போகிறது என்ற பயத்தில் அழுதாள்.

வீட்டில் ரேலின் ஜன்னல்களுக்குப் போர்வையை ஆணியடித்து மறைத்துக்கொண்டிருந்தாள். தாடை சேர்ந்த இடம் கோணியிருந்ததால் வாயில் ஆணியைக் கவ்வ முடியவில்லை. பிள்ளை ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தது.

"அம்மா, அது சுடுதா?"

"அது நல்லாத்தான் சுடுமாம். நான்தான் சரியில்லையாம்."

"ஒருவேளை நெசமாவே உங்க கைதானோ என்னமோம்மா" என்றாள் ரேலின். அவள் குத்திக்காட்டவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தப்பெல்லாம் தன் பக்கம்தான் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. வெர்னாவுக்குத்தான் சுருக்கென்றது.

மணிக்கட்டு தளர்ந்தவர்களுக்கென்று சங்கமே ஒரு வகுப்பு நடத்தியது. புதன்கிழமை சாயங்காலம், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில். கேப்டனின் உத்தரவுப்படி வெர்னா போனாள். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்த மூன்று பேர் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓப்பல். ஊர் முழுக்கச் சமையல் கேஸ் சிலிண்டர் தூக்கிப் போடுகிறவள், ஒரு கைக்கு ஒன்று. இரண்டாவது ஆள் ஹெர்ஷல், குதிரைக்கு லாடம் அடிப்பவர். மூன்றாவது மெர்ல் பிங்கம், ஊரின் ஒரே முடிதிருத்துபவர். எழுபது வயதிலும் சவரக்கத்தியைக் கை நடுங்காமல் பிடிப்பவர். அந்த மாவட்டத்திலேயே உறுதியான மணிக்கட்டுகள் ஆறும் அந்த அறைக்குள்தான் இருந்தன.

"அமுக்கு! விடு! அமுக்கு! விடு!" என்று சைஸ்மோர் குரல் கொடுத்தார். ஓப்பல் அமுக்கியதில் ஒரு பந்து வெடித்தது. "இன்னும் தளர்ச்சி இருக்கு" என்று வேறு பந்து கொடுத்துவிட்டுச் சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

"எங்க வீட்டம்மாவுக்கு நான் இங்க வர்றது தெரியாது" என்று மெர்ல் வெர்னாவின் காதில் சொன்னார். "பைபிள் வகுப்புக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். தெரிஞ்சா ஊர்ல ஒருத்தன் என்கிட்ட கழுத்தக் காட்ட மாட்டான்."

வெர்னா கைப்பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துக் குண்டு இல்லை என்று காட்டிவிட்டு மேசைமேல் வைத்தாள். ஓப்பல் எட்டிப் பார்த்தாள். பந்தைக் கீழே போட்டாள்.

"அந்தப் புடியில பல்லுத் தடம் இருக்கா பாரு."

இருந்தது.

"அது என் நாயி கடிச்சது!" என்றாள் ஓப்பல். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி நான்தான் இத வச்சிருந்தேன். சங்கத்துக்கே சும்மா குடுத்துட்டு வந்தேன்."

ஹெர்ஷல் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் நசுங்கியிருக்கே, அது நான் கோவத்துல சுவத்துல வீசினது. போன வருஷம்."

மெர்ல் பிடியில் இருந்த தடத்தை விரலால் தடவினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ரெண்டு குண்டு சுடற பெரியவர்னு சொல்லியிருப்பானே, அது நான்தான்" என்றார். "ரெண்டோட நிறுத்திக்குவேன். ஏன்னா மூணாவது வெடிக்காது."

வெர்னாவுக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கியது. நாலு பேர், நாலு ஜோடிக் கை, ஒரே துப்பாக்கி. இனிமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்லின் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நம்ம நாலு பேருக்குமே இந்த நோய் இருக்கு" என்றார்.

"ஒட்டுவாரொட்டியோ என்னமோ" என்றாள் ஓப்பல் திகிலோடு. "துப்பாக்கி வழியாவே ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்தியிருக்கும்."

"என்ன பேசறீங்க? பழுது துப்பாக்கியில இருக்குன்னு தெரியலையா?" என்று வெர்னா கத்தினாள்.

மூவரும் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார்கள். "மெதுவாப் பேசும்மா" என்றார் ஹெர்ஷல். "நீலக் குஞ்சம் கட்டினது. எங்களுக்குப் பையன்கள் இருக்காங்க, சங்கத்துல சேக்கணும்."

சைஸ்மோர் திரும்பி வந்தார். நாலு பேரும் பந்தை எடுத்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. சங்கத்தின் மாதக் கூட்டம். அடுத்த நாள் காலை டேல் ஹோக்கை விடுகிறார்கள். வெர்னா பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ரேலினையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வந்தாள். அவர்களைத் தனியாக வீட்டில் விட அவளுக்கு மனம் வரவில்லை. வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துச் சங்கத்தின் உறுதிமொழியைச் சொன்னார்கள். "துப்பாக்கி தவறாது, தவறுவது மனிதனே." பிறகு உட்கார்ந்து டோனட் தின்றார்கள். வெர்னா எழுந்து, நாளைக்குத் தனக்குச் சுடுகிற துப்பாக்கி ஒன்று வேண்டும், இதை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது கொடுங்கள் என்று கேட்டாள். டேல் பெயரைச் சொன்னாள். மகளின் தாடையைச் சொன்னாள். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கேப்டன் ப்ரூவிட் மேடையில் எழுந்தார். பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்குக் குரலே வேறு.

"சகோதரர்களே, இந்தச் சகோதரியின் கண்ணீர் என் நெஞ்சைப் பிளக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று இந்த ஒரு துப்பாக்கியைச் சந்தேகப்பட்டால் நாளை இன்னொன்றைச் சந்தேகப்படுவோம். அப்புறம் நீலக் குஞ்சத்தைச் சந்தேகப்படுவோம். அப்புறம் குழுவைச் சந்தேகப்படுவோம். கடைசியில் என்னைச் சந்தேகப்படுவோம். அப்புறம் இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு ஏது?"

பலமாகக் கை தட்டினார்கள்.

"அதனால், நம் சங்கம் எதையும் மறைப்பதில்லை என்று காட்ட, எல்லார் கண்ணெதிரிலும் பரிசோதனை வைக்கிறோம். சைஸ்மோர்!"

கூட்டம் முழுவதும் டோனட்டோடு சுடுகளத்துக்கு நகர்ந்தது. சைஸ்மோர் காலை அகட்டி நின்று சுட்டார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதில் கூடு சிக்கிச் செங்குத்தாக நின்றது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கேப்டன் சைஸ்மோரின் தோளில் கைபோட்டார்.

"தம்பி, போன வாரம் உனக்கு உடம்பு சரியில்லதானே?"

சைஸ்மோர் விழித்தார். பிறகு புரிந்துகொண்டார். "ஆமா கேப்டன். சளி."

"சளி மணிக்கட்டுக்கு எறங்கும்" என்று கேப்டன் கூட்டத்துக்கு விளக்கினார்.

"கையே வேண்டாம். அந்த வைஸ்ல மாட்டிச் சுடுங்க" என்றாள் வெர்னா. சுடுகளத்து ஓரத்தில் சிமெண்டுத் தளத்தில் திருகி வைத்த பட்டறை வைஸ் ஒன்று இருந்தது. இரும்பைக் கவ்விப் பிடித்தால் எருதைக் கட்டி இழுத்தாலும் விடாது. மறுக்க வழியில்லாமல் அதில் மாட்டினார்கள். சைஸ்மோர் ஒரு கயிற்றை விசையில் கட்டித் தூரத்தில் நின்று இழுத்தார்.

கிளிக்.

இரண்டாம் தடவையும் கிளிக். மூன்றாம் தடவை இழுத்ததில் கயிறு அறுந்தது.

மெர்ல் பிங்கம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். வெர்னாவுக்கு நம்பிக்கை பிறந்தது. கேப்டன் வைஸைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து அதன் திருகாணிகளைப் பார்த்தார். சிமெண்டைக் காலால் தட்டினார். பிறகு நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தளர்ச்சி" என்றார். "இது எப்ப வாங்கின வைஸ்?"

"உங்க அப்பா காலத்துல கேப்டன்."

"அதானே. வயசாயிருச்சு. இதையும் புதன்கிழமை சேத்துக்குங்க."

சைஸ்மோர் தலையாட்டினார். ஒரு ரப்பர் பந்தை எப்படி வைஸில் வைத்து அமுக்குவது என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொள்ளவே தொடங்கிவிட்டார்கள். கேப்டன் துப்பாக்கியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் வெர்னாவிடம் நீட்டினார்.

"மனுஷன்ல பழுது பாத்தோம், இருந்துச்சு. வைஸ்ல பாத்தோம், இருந்துச்சு. துப்பாக்கியில மட்டும் ஒண்ணுமில்ல. வெர்னாம்மா, நாப்பது வருஷமா துப்பாக்கியோட பொழங்கறவன் சொல்றேன். இத நம்பி என் உசுரையே வைப்பேன்."

மறுபடி கை தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான்.

வெர்னா துப்பாக்கியை வாங்கவில்லை. கேப்டனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உறைக்குள் ஒரு துப்பாக்கி இருந்தது. சின்னதுதான், ஏறக்குறைய இதே அளவு.

"அது சுடுமா கேப்டன்?"

"இதுவா? இதுவரைக்கும் ஒரு தடவகூட ஏமாத்தினதில்ல" என்றார் கேப்டன் அதைத் தட்டிக்கொண்டே.

"அப்ப மாத்திக்கலாம். உங்களுது எனக்குக் குடுங்க, இத நீங்க வச்சுக்குங்க. நாளைக்கு ஒரு ராத்திரிக்குப் போதும். சனிக்கிழமை காலையில கொண்டாந்து குடுத்துடறேன்."

கேப்டன் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வெர்னா சிரிக்காததால் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அதெப்படிம்மா..." என்றார்.

"உசுரையே வைப்பேன்னீங்களே. ஒரு ராத்திரிக்கு வைங்க."

"இல்லம்மா, என் மணிக்கட்டு..." என்று ஆரம்பித்த கேப்டன், அத்தனை பேர் முன்னால் தன் மணிக்கட்டைப் பற்றிப் பேசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து நிறுத்தினார். நெற்றி வேர்த்தது. துப்பாக்கியைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார். அவள் சங்கத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மேடைக் குரலை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல் தணிந்து பேசினார்.

"புரிஞ்சுக்கம்மா. எனக்கு வீட்ல பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க."

இப்போதாவது யாராவது சிரிப்பார்கள் என்று வெர்னா காத்திருந்தாள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கேப்டனுக்குக் குடும்பம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. குடும்பஸ்தரிடம் போய் இப்படிக் கேட்கலாமா என்று அவளைத்தான் முறைத்தார்கள். ஓப்பல் மட்டும் தரையைப் பார்த்தாள். வெர்னாவின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. சைஸ்மோர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓட்டெடுப்புக்கு விட்டார். துப்பாக்கி நம்பத்தக்கது என்று எல்லாக் கையும் உயர்ந்தது. மெர்ல் பிங்கமும் தூக்கினார், கொஞ்சம் மெதுவாக.

வெர்னா அதைக் கேப்டன் கையிலேயே விட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். பின் ஸீட்டில் பிள்ளை தூங்கிப்போயிருந்தது. ரேலின் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் என்று பார்த்த பிறகே திறந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"துப்பாக்கி ரொம்ப நல்லாருக்காம். எல்லாருமா கை தூக்கிச் சொல்லிட்டாங்க." வெர்னா பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்குப் போயி பத்து நிமிஷத்துல துணியெல்லாம் எடுத்துப் போடு. அர்கன்ஸாஸுக்கு உங்க சித்தி வீட்டுக்குப் போறோம். இன்னைக்கே."

"துப்பாக்கி நல்லாருக்குன்னுதானேம்மா சொன்னாங்க? அப்புறம் எதுக்குப் போகணும்?"

"அவங்க அப்படிச் சொன்னதாலதான்" என்றாள் வெர்னா.

சாவியைத் திருகினாள். அந்தப் பழைய வண்டிக்கு யாரும் எந்தக் குஞ்சமும் கட்டியதில்லை. முதல் திருகலிலேயே கிளம்பியது.